மலையில் அளந்த கம்ப்ரஷனும் கடலில் குறைந்த வேகமும்

பழைய வாட்டர் ஸ்கூட்டர் ஒன்றில் இழுவை இல்லை என்று யாராவது சொன்னால், குறை எஞ்சினில் இருக்கிறதா, எஞ்சினுக்குப் பின்னால் இருந்து நீரைத் தள்ளும் பம்பில் இருக்கிறதா என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். அதே வண்டியை நீலகிரியில் நிறுத்தி ஆராய்பவர் இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. அது இந்த மலையின் காற்று. காற்றின் பங்கைக் கழிக்காமல் அளவுமானியைப் படித்தால், நல்ல நிலையில் இருக்கும் எஞ்சினைக்கூடப் பிரித்துப்போட நேரிடும்.

என் அண்ணன் மகன் கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரில் நீர் விளையாட்டுத் தொழிலில் இருக்கிறான். கூடலூர்ப் பக்கத்துப் பாண்டியாற்று நீரும் கலக்கும் சாலியாறு அங்கேதான் கடலில் சேருகிறது. அவன் அண்மையில் கைமாறி வந்த வாட்டர் ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினான்: இரண்டு சிலிண்டர், ஏறத்தாழ 700 சி.சி., டூ-ஸ்ட்ரோக், சிலிண்டருக்கு ஒரு கார்பரேட்டர். ஸ்டார்ட் ஆவதில் குறையில்லை, ஐடிலிங்கிலும் குறையில்லை. ஆனால் பாதி ஆக்சிலரேட்டருக்கு மேல் அழுத்தினால் எஞ்சின் முனகியதே தவிர வேகம் கூடவில்லை. நான் குன்னூரில் தேயிலைத் தோட்டங்களின் மருந்து தெளிக்கும் இயந்திரங்களையும் கவாத்து இயந்திரங்களையும் பழுதுபார்ப்பவன் என்பதால், வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு நாடுகாணி வழியாக மலையேறி வந்தான். வரும் வழியில் உதகையில் ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறான். அவர்கள் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்துவிட்டு, இரண்டு சிலிண்டரிலும் 110 பி.எஸ்.ஐ.யை ஒட்டித்தான் நிற்கிறது, கையேட்டுக்கு இது மிகக் குறைவு, ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, புதிய பிஸ்டன் போட்டே தீரவேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். “சித்தப்பா, வாங்கின விலையில் பாதி இதற்கே போய்விடும் போலிருக்கிறதே” என்று அவன் கவலைப்பட்டதில் நியாயம் இருந்தது.

கம்ப்ரஷன் அளவுமானி பொய் சொல்வதில்லை; ஆனால் அது காட்டும் எண், அளக்கும் இடத்துக் காற்றழுத்தத்தைப் பெருக்கித் தருவது மட்டுமே. பிஸ்டன் தன் இருப்பிடத்தில் கிடைக்கும் காற்றைத்தான் அழுத்த முடியும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்றால், சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில் அது 81 அளவில்தான் இருக்கும். சுமார் 2,240 மீட்டர் உயரத்து உதகையில் 77. ஆகவே கடற்கரையில் 150 பி.எஸ்.ஐ. காட்டும் ஆரோக்கியமான எஞ்சின், எந்தத் தேய்மானமும் இல்லாமலே, குன்னூரில் 120 என்றும் உதகையில் 114 என்றும் காட்டும். கையேட்டில் அச்சிட்டிருக்கும் எண் கடல்மட்டத்துக்கு உரியது. அதை மலையில் எடுத்த அளவோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தால், இந்த மாவட்டத்தில் ஓடும் எந்த எஞ்சினும் தேறாது.

அதனால் மலையில் கம்ப்ரஷன் பார்க்கும்போது எண்ணைவிட இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையிலான வேறுபாட்டையே நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் காற்று மெலிந்திருப்பது இரண்டுக்கும் பொது. ஒன்றுக்கும் மற்றதற்கும் பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு வந்தால்தான் ரிங், பிஸ்டன், ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றின் மீது சந்தேகம் கொள்ள வேண்டும். அளக்கும் முறையிலும் பலர் அவசரப்படுகிறார்கள். இரண்டு பிளக்குகளையும் கழற்ற வேண்டும். கழற்றிய பிளக் வயர்களை எர்த்தில் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இக்னிஷன் பெட்டிக்குக் கேடு. ஆக்சிலரேட்டரை முழுவதும் திறந்து பிடிக்க வேண்டும், ஏனென்றால் மூடிய கார்பரேட்டர் வழியே சிலிண்டருக்குப் போதிய காற்று போகாது. பேட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும், குறிப்பாகக் குன்னூரின் காலை நேரத்துக் குளிரில். துளையில் கையால் அழுத்திப் பிடிக்கும் ரப்பர் முனை கொண்ட மானியைவிடத் திருகிப் பொருத்தும் மானியே நம்பத்தக்கது. இவ்வாறு அளந்தபோது முன் சிலிண்டரில் 118, பின் சிலிண்டரில் 114 வந்தது. கடல்மட்டத்துக்கு மாற்றினால் 147, 142. இந்த எஞ்சினுக்கு ரீபோர் தேவையில்லை என்பது எனக்கு அங்கேயே தெளிவாகிவிட்டது.

ஆனால் கம்ப்ரஷன் நன்றாக இருப்பதால் மட்டும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இதில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் பிஸ்டனுக்கு அடியிலுள்ள கிராங்க் கேஸுக்குள் இழுக்கப்பட்டு, பிஸ்டன் கீழிறங்கும்போது அங்கிருந்து சிலிண்டருக்குத் தள்ளப்படுகிறது. கிராங்க் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பான கிராங்க் சீல் ஒன்றில் வெடிப்பு விட்டிருந்தால் அந்த வழியே வெளிக்காற்று நுழைந்து கலவையை நீர்த்துப்போகச் செய்யும், இழுவை குறையும், கூடவே பிஸ்டன் சூடேறிச் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டரில் இறுகி நின்றுவிடும். இதைக் கம்ப்ரஷன் மானி காட்டித்தராது. உள்ளிழுக்கும் வழியையும் புகைபோக்கி வழியையும் அடைத்துவிட்டு, கைப்பம்பால் ஆறு ஏழு பி.எஸ்.ஐ. அளவுக்கு மெல்லக் காற்றேற்றி, முள் சில நிமிடங்களுக்கு இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிக் கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். வாங்கிய பழைய எஞ்சின் எதுவானாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் அதை முழு வேகத்தில் ஓட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்த வண்டியில் முள் நின்றது. கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வின் இதழ்களிலும் விரிசலோ முனை முறிவோ இல்லை.

இனி, கடலில் வண்டி எப்படி நடந்துகொண்டது என்பதற்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் ஓட்டியவர் சொல்லும் விவரத்தில்தான் பாதி விடை இருக்கிறது. அவனிடம் நான் முதலில் கேட்டது வேகத்தை அல்ல, ஆர்.பி.எம்.மை, அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை. எஞ்சின் தன் உச்சச் சுழற்சியைத் தொட்டும் வண்டி ஓடவில்லை என்றால் குறை பம்பில். சுழற்சியே உச்சத்துக்கு ஏறவில்லை என்றால் எஞ்சினிலோ, பம்பில் எதுவோ சிக்கி இறுக்குவதிலோ. இந்த வகை எஞ்சின் நீரில் பாரத்தோடு 6,000-ஐத் தாண்டிச் சுற்ற வேண்டும். இது 5,200-இல் நின்றுவிட்டது. இந்த எண் வேறு சிலவற்றை விலக்கவும் உதவியது. எஞ்சின் அதிகம் சூடானால் உணரி கட்டளையிட்டுச் சுழற்சியை 3,000 அளவுக்கு இறக்கிவிடும். ஆகவே 5,000-ஐத் தாண்டிய எஞ்சின் அந்தப் பாதுகாப்பு நிலையில் இல்லை. ஒரு சிலிண்டர் அறவே எரியாமல் போயிருந்தால் வண்டி நீரின் மேல் எழும்பியே இருக்காது. பம்பின் வாயில் கயிறோ நெகிழித் தாளோ சுற்றியிருக்கவில்லை என்பதை அவனே பார்த்து வைத்திருந்தான்.

பேப்பூரில் இருந்தபோதே தொலைபேசியில் அவனை இன்னொன்று செய்து பார்க்கச் சொல்லியிருந்தேன். வேகம் ஏறாமல் முனகும் அந்த நிலையில் காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைக் கொஞ்சமாக, ஒரு நொடி மட்டும் இழுத்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் மேலும் மூச்சுத்திணறினால் பெட்ரோல் ஏற்கெனவே மிகுதி. சட்டென்று உயிர்பெற்றால் பெட்ரோல் பற்றாக்குறை. இந்த எஞ்சின் உயிர்பெற்றது. சோக்கை இழுத்தபடியே ஓட்டிக்கொண்டிருக்கலாமே என்று அவனுக்குத் தோன்றியது. பட்டினி கிடக்கும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை முழுப் பாரத்தில் ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும் என்று எச்சரித்து நிறுத்தினேன்.

பெட்ரோல் பற்றாக்குறை என்று தெரிந்துவிட்டால் டாங்க்கிலிருந்து கார்பரேட்டர் வரை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருவதே முறை. டாங்க்கின் காற்றுத்துளை வால்வு ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களில் இழுவை இறங்கும். மூடியைத் திறந்ததும் சரியாகும். இங்கே அப்படி இல்லை. பெட்ரோலை ரிசர்வுக்கு மாற்றும் திருகு வழியே காற்று நுழையவில்லை. பெட்ரோல் ஹோஸ்கள் மட்டும் வெளியே பளபளப்பாகவும், வெட்டிப் பார்த்தால் உள்ளே பிசுபிசுத்த தோலாகவும் இருந்தன. அதைப் பார்த்ததும் கார்பரேட்டருக்குள் என்ன கிடைக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிந்தது.

வாட்டர் ஸ்கூட்டரில் மோட்டார் சைக்கிளைப் போல மிதவையுள்ள கார்பரேட்டர் வைக்க முடியாது, வண்டி கவிழும். அதனால் டயாஃப்ரம் கார்பரேட்டர் வைக்கிறார்கள். கிராங்க் கேஸில் எழும் அழுத்தத் துடிப்பு ஒரு சிறு ஹோஸ் வழியே வந்து கார்பரேட்டரின் உள்ளேயே இருக்கும் பெட்ரோல் பம்பை இயக்கும். அந்தப் பெட்ரோல் ஒரு வலையைக் கடந்து, ஊசி வால்வைக் கடந்து, டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு அனுமதிக்கும் அளவுக்கு ஜெட்டுகள் என்ற நுண்துளைகளுக்குச் செல்லும். எங்கள் தோட்டங்களில் தேயிலைச் செடியைக் கவாத்து செய்யும் கை இயந்திரத்தில் இருப்பது இதன் தம்பிதான். அளவு சிறியது, அமைப்பு ஒன்றே. அந்த இயந்திரம் பளு இல்லாதபோது சீறிவிட்டுக் கிளையில் வைத்ததும் அடங்கிப்போனால், அங்கேயும் நான் முதலில் திறந்து பார்ப்பது இந்த வலையைத்தான். பெட்ரோல் பம்பின் மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும் இந்த வலையை, வெளியே இருக்கும் ஃபில்ட்டரை மாற்றிவிட்டுத் திருப்தியடைபவர்கள் தொடுவதே இல்லை. இந்த வண்டியின் முன் கார்பரேட்டரில் அது முக்கால்வாசி அடைபட்டிருந்தது. ஹோஸின் உட்தோல் உரிந்து பசையாகி வந்து படிந்திருந்தது. பின் கார்பரேட்டரில் அடைப்பு குறைவு. ஐடிலிங்கிலும் பாதி வேகத்திலும் தேவைப்படும் பெட்ரோல் அந்தச் சிறு இடைவெளியில் வந்துவிடும். முழு வேகத்துக்குத் தேவையானது வராது. இதனால்தான் ஸ்டார்ட்டிங்கில் குறை தெரியவில்லை.

இதற்கு எத்தனால் கலந்த பெட்ரோலைத்தான் முதலில் குறை சொல்வேன். நம் நாட்டில் 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாகப் பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்துவிட்டது. பழைய வண்டிகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதன்று. மேலும், எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடற்கரையின் ஈரக்காற்றில், பாதி நிரம்பிய டாங்க்குடன் மழைக்காலம் முழுவதும் நின்ற வண்டியில், உறிஞ்சிய நீரும் எத்தனாலும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து அடியில் தங்கிவிடக்கூடும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது. எண்ணெயை டாங்க்கிலேயே கலந்து ஓட்டுபவர்களுக்கு இதில் இன்னும் பெரிய ஆபத்து உண்டு, ஏனென்றால் எண்ணெய் மேலடுக்குப் பெட்ரோலோடு நின்றுவிட, எண்ணெய் இல்லாத திரவம் எஞ்சினுக்குப் போகும். ஆகவே டாங்க்கை முழுவதும் வடித்துக் காயவைத்தோம். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களைப் போட்டோம். இரண்டு கார்பரேட்டர்களுக்கும் புதிய டயாஃப்ரம், புதிய ஊசி, புதிய வலை. அடைபட்டது ஒன்றுதானே என்று ஒன்றை மட்டும் பிரிப்பது சிக்கனம் ஆகாது.

கார்பரேட்டரைப் பூட்டியபின் முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஹை-ஸ்பீடு திருகைக் குன்னூரிலேயே காதால் கேட்டுச் சரிசெய்துவிடலாமே என்று அவன் கேட்டான். இங்கேதான் இந்த மலை ஒருவரை ஏமாற்றும். காற்று மெலியும்போது கார்பரேட்டர் அதே விகிதத்தில் பெட்ரோலைக் குறைப்பதில்லை. இந்த உயரத்தில் கலவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பெட்ரோல் மிகுந்ததாக இருக்கும். எஞ்சின் கனமாக ஒலிக்கிறது என்று இங்கே திருகை இறுக்கிப் பெட்ரோலைக் குறைத்துவிட்டு, அதே வண்டியைக் கடலுக்குக் கொண்டுபோய் முழு வேகத்தில் ஓட்டினால், அங்குள்ள அடர்ந்த காற்றுக்கு அந்தப் பெட்ரோல் போதாது. தோட்ட இயந்திரம் மலையிலேயே வேலை செய்வதால் அதை நான் இங்கேயே டியூன் செய்கிறேன். கடலுக்குப் போகும் வண்டியை அப்படிச் செய்யலாகாது. திருகுகளைக் கையேடு சொன்ன சுற்றில் நிறுத்தி, மிச்சத்தைப் பேப்பூருக்கு விட்டுவைத்தோம். காற்றழுத்த உணரியும் ஃபியூயல் இன்ஜெக்ஷனும் கொண்ட புதிய ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள் கலவையைத் தாமே திருத்திக்கொள்ளும். ஆயினும் இழந்த காற்றை அவற்றாலும் மீட்டுத் தர முடியாது. ஆயிரம் அடிக்கு மூன்று விழுக்காடு சக்தி போகும் என்பது எஞ்சின்காரர்களின் பொதுவான கணக்கு. குன்னூரில் அது பதினெட்டு விழுக்காடு.

வண்டியை இங்கே நீரில் இறக்கிப் பார்க்கவும் வழியில்லை. உதகை ஏரியிலும் பைக்காராவிலும் படகு விடுவது சுற்றுலாத் துறையின் வேலை. அவலாஞ்சி, எமரால்டு போன்ற அணைகள் மின்வாரியத்தின் வசம். டிரெய்லரில் நிறுத்தித் தோட்டக் குழாயை மாட்டி ஓட்டிப் பார்த்தது கசிவும் குளிர்விக்கும் நீரோட்டமும் சரியாக இருக்கின்றனவா என்று அறிவதற்கு மட்டுமே. நீரின் பாரம் இல்லாமல் எந்த எஞ்சினும் சீறும். அதை வைத்து இழுவை திரும்பிவிட்டது என்று முடிவுகட்டுவது வீண். குழாயில் ஓட்டுபவர்கள் ஒரு வரிசையை மறக்கக் கூடாது. முதலில் எஞ்சின், பிறகு நீர். நிறுத்தும்போது முதலில் நீர், பிறகு எஞ்சின். மாற்றிச் செய்தால் நிற்கும் எஞ்சினின் புகைபோக்கி வழியே நீர் ஏறிச் சிலிண்டருக்குள் போகும்.

நீரைத் தள்ளும் பம்பைத் திறந்தது இதற்குப் பிறகுதான். நீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லரின் இறக்கை நுனிக்கும் அதைச் சுற்றியுள்ள வேர் ரிங் என்ற வளையத்துக்கும் இடையில், இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜை நுழைத்து அளந்தால், புதிதில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும், 0.6-ஐத் தாண்டினால் மாற்றச் சொல்கின்றன பல கையேடுகள். இதில் 0.9 இருந்தது. ஆழமில்லாத கரையிலேயே ஸ்டார்ட் செய்து மணலை உறிஞ்சவிட்ட முந்தைய ஓட்டுநர்களின் கைவேலை அது. ரிங் முழுவதும் வரிவரியாகக் கீறல். இந்த இடைவெளி எனக்கு முக்கியமாகப் பட்டதற்குக் காரணம் அதனால் வேகம் குறையும் என்பது மட்டுமல்ல. தேய்ந்த பம்பில் நீர் வழுக்கிப் பின்வாங்குவதால் எஞ்சினுக்குப் பாரம் குறைவு. பாரம் குறைந்தும் 5,200-க்கு மேல் ஏறாத எஞ்சின், நல்ல பம்பில் அதையும் எட்டியிருக்காது. பம்பின் குறை எஞ்சினின் குறையைப் பாதி மறைத்து வைத்திருந்தது. ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டுக் கடலுக்குப் போயிருந்தால், மற்றதன் அறிகுறி புதிய நோயைப் போலத் தெரிந்து, மறுபடியும் ரீபோர் பேச்சு வந்திருக்கும். ரிங்கை மாற்றி, இறக்கைகளின் மழுங்கிய விளிம்புகளை அரத்தால் ஒழுங்குபடுத்தினோம்.

எடையையும் பார்த்துவிடுவது நல்லது என்று பட்டது. பழைய வண்டிகளின் உடலுக்குள் அடைத்திருக்கும் நுரைப்பொருள் நீரைக் குடித்துக் கனத்துவிடும். அப்போது எஞ்சின் மீது வீண்பழி விழும். பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலை எடை போடும் மேடையில் வண்டியை ஏற்றினோம். இலை கொண்டுவந்தவர்கள் இது எந்த எஸ்டேட்டின் சரக்கு என்று கேட்டுச் சிரித்தார்கள். எடை கையேட்டை விட்டு அதிகம் விலகவில்லை.

பேப்பூரில் முதல் வேலையாகக் கம்ப்ரஷனை மறுபடி அளக்கச் சொன்னேன்: 146, 142. உதகையில் சொன்ன ரீபோர் அதோடு முடிந்தது. கழிமுகத்தின் அமைதியான நீரில் ஆர்.பி.எம். 6,100 வரை ஏறியது. புறப்படும்போது பம்ப் வீணாகச் சீறுவது நின்றது. அதன்பின் அவன் முழு வேகத்தில் ஓடும்போதே எஞ்சினை நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றிப் படம் அனுப்பினான். பின் சிலிண்டரின் பிளக் தேநீர் நிறத்தில் இருந்தது, கலவை சரி. முன் சிலிண்டரின் பிளக் அதைவிட வெளுத்திருந்தது, அங்கே பெட்ரோல் இன்னும் சற்றுக் குறைவு. முன் கார்பரேட்டரின் ஹை-ஸ்பீடு திருகை மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாகத் திறந்து, மறுபடி ஓட்டி, மறுபடி பிளக்கைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் ஒரே நிறத்துக்கு வரும்வரை அந்த வண்டியை வாடகைக்கு விடக் கூடாது என்பதற்கு அவன் ஒப்புக்கொண்டிருக்கிறான்.